வேலியோரத்து ஹாப்ஸ்

சவப்பெட்டி எந்த மரம், பாதிரியார் யார், என்ன பாட்டு என்று எல்லாவற்றையும் "உன் இஷ்டம்" என்று பெண்டாட்டி தெல்மாவிடம் விட்டுவிட்ட மெர்வின், தன் சாவுக்கு வருகிறவர்கள் குடிக்கப்போகும் பீர் விஷயத்தில் மட்டும் ஒரே பிடிவாதமாக நின்றான்.

"கடையில வாங்கின பீர மட்டும் ஊத்திராத, சொல்லிட்டேன். நம்ம ஏல்தான் குடுக்கணும். நீதான் காய்ச்சணும்."

"நானா? நான் போடுற டீக்கே நூறு குத்தம் சொல்ற ஆளு நீ."

"பக்கத்துல படுத்துக்கிட்டு நான் சொல்றேன், நீ செய். சத்தியம் பண்ணு."

தெல்மா சத்தியம் செய்தாள். வேறென்ன செய்வாள்? சோபாவை நகர்த்திவிட்டு முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டாயிற்று. குடலில் வந்த புற்று ஈரலுக்கும் பரவிவிட்டது. கிறிஸ்துமஸைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் அவளைக் கதவருகே நிறுத்தி மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மெதுவாகச் சொன்னால் கட்டிலில் இருப்பவனுக்குக் கேட்காது என்று நினைத்தாரே, அதைச் சொல்ல வேண்டும். மெர்வினுக்குப் பாம்புக் காது.

அவன் வீட்டிலேயே காய்ச்சும் ஏல் என்கிற பீர் இங்கிலாந்தின் அந்த லெட்பரி வட்டாரத்தில் பிரசித்தம். நல்ல பேர் என்று நினைத்துவிட வேண்டாம். கசப்பு! அப்படியொரு கசப்பு! பழைய பெயிண்டை உரிக்க மெர்வினிடம் ஒரு பாட்டில் வாங்கிக்கொள் என்பார்கள் அக்கம்பக்கத்தில். ஓசியில் கிடைக்கிறதே என்று குடிப்பார்கள், குடித்துவிட்டு மூஞ்சியைக் கோணுவார்கள். அவன் ஒருவனையும் சட்டை செய்ததில்லை. புதுப் பீப்பாய் திறந்ததும் முதல் வாயைத் தெல்மாவுக்குத்தான் கொடுப்பான். அவளுக்கு அந்தக் கசப்பு கல்யாணமான நாளிலிருந்தே ஆகாது. ஒரு வாய் உறிஞ்சுவாள், கண் இரண்டும் தானாக மூடிக்கொள்ளும், மூக்கு சுருங்கும். அதற்காகவே காத்திருந்தவன் போல, "சுளிச்சிட்டியா? அப்ப சரியா வந்திருக்கு" என்று சிரிப்பான். ஒருநாளும் அவள் முழு கிளாஸ் குடித்தவளில்லை.

கசப்பையும் வாசனையையும் கொடுப்பது ஹாப்ஸ் என்கிற கொடியின் பூதானே. அதை எங்கே வாங்குவது, எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. மெர்வின் கஞ்சன். சாகக் கிடக்கும் மனுஷனைப் பற்றி இப்படிப் பேசக் கூடாதுதான், ஆனால் உண்மை அது. தெல்மா கடைக்குப் போய் இருப்பதிலேயே உயர்ந்த கோல்டிங் ரக ஹாப்ஸில் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிவந்து கட்டிலில் வைத்தாள். விலையைப் பார்த்ததும் அவனுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"பைத்தியமா உனக்கு? குடிக்கப்போறது நான் இல்லடி. ஊர்க்காரப் பயலுவளுக்கு எதுக்கு இவ்வளவு ஒசத்தி?"

"மலிவா அமெரிக்கா ஹாப்ஸ் இருக்காம். கொஞ்சம் போட்டாலே நல்லா கசக்குமாம், கடைக்காரர் சொன்னார்."

"அதப் போட்டே, பெட்டிய உதைச்சுக்கிட்டு எழுந்து வந்துருவேன். ஆரஞ்சுப்பழ ஜூஸ் வாடை அடிக்கும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்ச் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுபடி போய், பாதி விலைக்குத் தள்ளியிருந்த போன வருஷத்து ஃபகிள் ரக ஹாப்ஸில் ஒரு கைப்பிடி மாதிரிக்கு வாங்கிவந்தாள். மெர்வின் அதை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தான். ஹாப்ஸைத் தேய்க்காமல் முகர்ந்து பார்ப்பவன் மடையன் என்பது அவன் கட்சி. கையைக் குவித்து மூக்கருகே கொண்டுபோனவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பழைய சீஸ் நாத்தம். தூரப் போடு." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, "ஏய் தெல்மா, நாம ரெண்டு பேரும் மடச்சாம்பிராணிங்க. பழைய ஹாப்ஸ் தோட்டத்துச் சந்துல வேலி பூரா தொங்குமே. செப்டம்பர்தானே இது, பூ முத்தியிருக்கும். காசா பணமா, போய்ப் பறிச்சுட்டு வா" என்றான்.

அவள் கூடையோடு போனாள். தோட்டம் எப்போதோ வீட்டுமனையாகிவிட்டது. கொடி மட்டும் வேலியை விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தது. முள் கிழிக்கக் கிழிக்கப் பறித்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பூவை அவன் கையில் வைத்தாள். தேய்த்தான். முகர்ந்தான். மாதக்கணக்காக மருந்து நெடி தவிர வேறொன்றும் ஏறாத அந்த மூக்கு விரிந்தது.

"ஆகா! ஃபகிள்தான். நம்ம ஊரு மண்ணு வாசம். இதுக்குப் போய் கடையில காச அழுவாங்களா?"

"எவ்வளவு போடணும்?"

"கொதி வந்ததும் நாலு அவுன்ஸ். அடுப்ப அணைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு ரெண்டு. ஆனா பச்சையா இருக்கிறதால..." என்றவன் நிறுத்தினான். நர்ஸ் போட்ட ஊசி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. வாய் பாதி திறந்தபடியே தூங்கிப்போனான்.

தெல்மா கட்டிலருகே நின்றாள். எழுப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க வலியில் முனகியவன் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறான்; அவனை எழுப்ப எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும்? பச்சையாக இருப்பதால் நன்றாகக் கழுவு என்று சொல்ல வந்திருப்பான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். நன்றாகக் கழுவினாள். தராசில் நாலு, பிறகு இரண்டு என்று சரியாக நிறுத்துப் போட்டாள்.

ஏல் பீப்பாய்க்குள் நுரைத்து அடங்கிக்கொண்டிருந்தபோது மெர்வின் போய்ச் சேர்ந்தான். அவன் காய்ச்சச் சொன்னதை அவன் ஒரு சொட்டும் ருசி பார்க்கவில்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் அவள் கொல்லையில் அவன் ஏல் காய்ச்சும் ஷெட்டுக்குப் போய்ப் பீப்பாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். இதமாக இறங்கியது. இன்னொரு வாய் குடித்தாள். அட, கடைசியில் எனக்கும் இவன் ஏல் பிடித்துவிட்டதே, இதைப் பார்க்க இருக்காமல் போய்விட்டானே என்று அங்கேயே ஒரு பாடு அழுதாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஹாம் சாண்ட்விச்சும் பன்றிக்கறி பேஸ்ட்ரியும் வைத்து, ஜக்கில் ஏலை ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தவர்களெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மூஞ்சியும் கோணவில்லை.

"மெர்வின் காய்ச்சினதுலயே இதுதான் பெஸ்ட்!"

"போறப்பதான் பாவி கத்துக்கிட்டான்!"

தெல்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றுதான் முதல்முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். ஜக்கைத் தூக்கிக்கொண்டு, ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்த நார்மனிடம் போனாள். நார்மன் மெர்வினோடு முப்பது வருஷமாய் அந்த ஷெட்டில் கிடந்து காய்ச்சியவன். அவன் கிளாஸில் ஒரு வாய்தான் குறைந்திருந்தது.

"ஏன் நார்மன், குடிக்கலயா?"

அவன் தலையை ஆட்டினான். கண் கலங்கியிருந்தது. "தப்பா எடுத்துக்காதம்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல அவன் இல்ல."

"என்ன சொல்ற? அவன் சொன்னபடியேதான் போட்டேன். வேலியில பறிச்சு, நாலும் ரெண்டும்."

"காயவச்சா?"

"இல்ல, பச்சையாத்தான்."

நார்மன் கிளாஸைக் கீழே வைத்தான். "பச்சப் பூவுல முக்காவாசிக்கு மேல தண்ணி, தெல்மா. ஆறு மடங்காவது போடணும். நாலு அவுன்ஸ்ங்கிறது காஞ்சதுக்குக் கணக்கு. அவன் சொல்லலயா?"

ஆனா பச்சையா இருக்கிறதால.

தெல்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று ஷெட்டில் தன் முகம் சுளிக்காமல் போனது இப்போதுதான் உறைத்தது. கசப்பு பழகவில்லை, கசப்பே இல்லை. அந்தப் பாழாய்ப்போன தூக்கத்திலிருந்து ஒருதரம் எழுப்பியிருக்கக் கூடாதா? அறை முழுக்கச் சிரிப்பும் பேச்சும். அவனை அடக்கம் பண்ணின அன்றைக்கு, அவன் இல்லாத ஏலைக் குடித்துவிட்டு அவனைப் புகழ்கிறார்கள்.

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

"ஹாப்ஸ் ஏதாச்சும் கிடக்கா? தண்ணியில அரைமணி நேரம் கொதிக்கவச்சு, வடிகட்டி, இதுல கலந்தா கசப்பு வரும்."

டிராயரில் கிடந்தது அந்தக் கோல்டிங் பொட்டலம். எவ்வளவு ஏச்சு வாங்கித் தந்த பொட்டலம்! தெல்மா அதைப் பிரித்துப் பாத்திரத்தில் முழுசாகக் கொட்டினாள். "திட்டு, நல்லா திட்டு. காச வீணாக்குறா பாருன்னு திட்டு" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். ஆவி முகத்தில் அடித்தது. நார்மன் பக்கத்தில் நின்று கிண்டிக்கொடுத்தான்.

ஆறவைத்து வடித்து, ஜக்குகளில் அளந்து கலந்து, மறுபடி எல்லோருக்கும் ஊற்றினாள். கூட்டத்தில் ஒருவர் வாயில் வைத்தார். கண்ணை இறுக்கினார். "அய்யோ, வந்துட்டான்டா மெர்வின்!" என்று அலறினார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று அறையே மூஞ்சியைக் கோணிக்கொண்டு இருமியது. சிரிப்பு பொங்கியது, பிறகு ஒவ்வொருவராக அடங்கி, முதல்முறையாக அந்த வீட்டில் சாவு வீட்டு அமைதி வந்தது. நார்மன் தன் கிளாஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூக்கைச் சிந்தினான்.

தெல்மா கடைசியாகத் தனக்கு ஊற்றிக்கொண்டு, காலியாக விரிப்பு மடித்து வைத்திருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். கண் இரண்டும் தானாக மூடிக்கொண்டன, மூக்கு சுருங்கியது.

கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள். அவளைப் பார்த்துச் சரியாக வந்திருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை. மிச்சக் கிளாஸையும் அவள் சொட்டு விடாமல் குடித்தாள்.