பருப்பு வேகிற தண்ணீர்

சித்திரை மாதத்தில் அருவி தேடிப் போன புத்திசாலிகள் நாங்கள். வாடகைக்கு எடுத்த கேரவனில் படுக்கை, ஏசி, குட்டி சமையலறை எல்லாம் இருந்தன. ஜவ்வாது மலை அருவியில்தான் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்து செஞ்சிக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் தங்கினோம். மறுநாள் காலையிலும் என் மேலாளர் ஷோபனாவின் முகம் தொங்கிப்போய்த்தான் இருந்தது.

"ரெண்டு நாள் லீவும் வேஸ்ட், நவீன்," என்றார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "பக்கத்து மலையில ஒரு சுனை இருக்கு மேடம். நீச்சலே அடிக்கலாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் எங்களோடு வந்திருந்த விநாயகம். அவனும் எங்கள் அலுவலகம்தான்.

"யூடியூப்ல பார்த்தேன்."

பொய். நான் பிறந்ததே அந்த மலையடிவாரத்தில்தான். ஆனால் அலுவலகத்தில் என் ஊர் பாண்டிச்சேரி. வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ கேட்டபோது அப்படிச் சொல்லித் தொலைத்தேன். சொந்த ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள், அப்புறம் அப்பா என்ன தொழில் செய்தார் என்பார்கள். பயந்தாங்கொள்ளி நான். நான்கு வருடமாகப் பாண்டிச்சேரிக்காரனாகவே காலம் தள்ளுகிறேன். அன்று காலையில்கூட யாரும் எழுந்திருக்கும் முன் தோப்பின் ஓரமாகத் தள்ளிப் போய், மதியம் சாப்பிட நான் மட்டும் வந்துவிட்டுப் போகிறேன் என்று அம்மாவிடம் போனில் குசுகுசுத்திருந்தேன்.

அந்தச் சுனை குளிக்கிற இடமே இல்லை. எங்கள் ஊரில் போர் தண்ணீர் ஒரே உப்பு. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு கல்லு மாதிரி கிடக்கும். குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் பாறை ஏறிப் போய்ச் சுனையில்தான் மொண்டு வருவார்கள். செருப்பை அடிவாரத்துப் புளியமரத்தடியிலேயே விட்டுவிட வேண்டும். தண்ணீரில் கால் படக் கூடாது. சின்ன வயதில் ஒரு தடவை நான் கால் நனைத்ததற்கு என் கூடப்பிறந்த அமுதா அக்கா முதுகில் வைத்த அடி இன்னும் நினைவிருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் கூட்டிப் போனேன். ஒரு மணி நேரம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

புளியமரத்தடியில் என் கை தானாக ஷூ லேஸுக்குப் போனது. விநாயகம் ஷூவோடு ஏறிக்கொண்டிருந்தான். நானும் நிமிர்ந்து அப்படியே ஏறினேன்.

மேலே போனதும் விநாயகம் தொபுக்கடீரென்று குதித்தான். ஷோபனா ஓரமாக இறங்கி ஷாம்பு போட்டுத் தலையை அலசினார். நுரை சுனை முழுக்கப் பரவியது. "சூப்பர் இடம் நவீன்!" என்றார். நான் மார்பளவுத் தண்ணீரில் நின்று சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

அப்போது இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக அமுதா அக்கா பாறை விளிம்பில் வந்து நின்றாள்.

முதலில் நுரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "டேய்" என்று சொல்ல அவள் வாய் திறந்தது. நான் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அக்கா கையிலிருந்த குடத்தைப் பாறையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தே சொன்னாள்.

"இது குடிக்கிற தண்ணி சார்."

என்னை இடுப்பில் சுமந்து திரிந்தவள். எனக்கு மூக்குச் சிந்திவிட்டவள். அவளுக்கு நான் சார்.

ஷோபனா பதறிப்போய்க் கரையேறினார். "ஐயோ, சாரிம்மா. சத்தியமா எங்களுக்குத் தெரியாது." அவர் சொன்னது உண்மை. அவருக்குத் தெரியாது.

"பரவால்ல மேடம். வூட்டுக்கு ஒருத்தர் சாப்பிட வராரு. பருப்பு வேகணுமேன்னு வந்தேன். மழ பேஞ்சா சரியாப் பூடும்," என்றாள் அக்கா.

காலிக் குடங்களோடு இறங்கிப் போனாள். புளியமரத்தடியில் அவள் செருப்பை மாட்டிக்கொள்வதை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதியம் நண்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். என் தலையைத் தடவி, "குளிச்சிட்டே வந்துட்டியா? இன்னும் ஈரமா இருக்குது பாரு," என்று முந்தானையால் துவட்டினாள்.

தட்டில் சோறும் சாம்பாரும் போட்டாள். முதல் வாயிலேயே பருப்பு நறுக்கென்று கடிபட்டது.

"வேகவே இல்லடா. போர் தண்ணி, இன்னா பண்றது?" என்றாள் அம்மா. "அமுதா சுனைக்குப் போயி வெறுங்குடத்தோட வந்துட்டா. யாரோ டவுன்காரங்க உள்ள எறங்கிக் குளிச்சிட்டாங்களாம்."

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா..." என்றேன்.

"பாவம், யாரு பெத்த புள்ளைங்களோ. தெரியாமத்தான் எறங்கியிருக்கும்ங்க," என்று இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றினாள் அம்மா. "நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் கூட இருந்திருந்தா சொல்லியிருப்பான்."

அக்கா அப்பளத்தைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தாள். நான் வேகாத பருப்பை மென்று விழுங்கினேன்.