தூசிக்கு வெல்லம்

"பீடி உண்டா?" என்று நான்காவது டாக்டரும் கேட்டார்.

அஸ்மத்துன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பீடி இல்ல, பான் இல்ல, குடி இல்ல. எத்தினி வாட்டி சார் சொல்றது? டீயே அரை கிளாஸ்தான் குடிப்பாரு."

பக்கத்தில் அவள் புருஷன் ஷரஃபுதீன் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, யார் வீட்டுச் சங்கதியோ என்று உட்கார்ந்திருந்தான். இந்த டாக்டர் மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன வேலை பாக்குறார்?"

"மாம்பலத்துல பர்னிச்சர் பட்டறை சார். தேக்குப் பலகைக்கு உப்புத்தாள் மிஷின் ஓட்றாரு. இருவது வருசமா."

"அதானே பார்த்தேன். மூக்குக்குள்ள இந்த மாதிரி கேன்சர் ரொம்ப அபூர்வம்மா. மரத்தூள்லயே கிடக்கிறவங்களுக்குத்தான் அதிகம் வருது. மாஸ்க் குடுத்தாங்களா? தூசி இழுக்குற ஃபேன்?"

"வெல்லம் குடுத்தாங்க" என்றான் ஷரஃபுதீன். "டெய்லி ஒரு துண்டு. தூசியெல்லாம் வயித்துக்குள்ள எறங்கிப் பூடும்னு."

டாக்டர் அவனையே பார்த்தார். "அங்க வேற யாராவது உங்க ஆளுங்க இருந்தா, முதல்ல வெளிய கூட்டிட்டு வாங்க."

இருந்தான். ஷரஃபுதீனின் தம்பி வாஜித். புருஷனை வார்டில் படுக்க வைத்துவிட்டு அவள் நேரே மாம்பலத்துக்கு பஸ் ஏறினாள்.

தெருவில் துணி காயப்போட முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் சண்டை போட்டதிலிருந்து, பட்டறை ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தூசி வெளியே போக வழியில்லை. முதலாளி செந்தில்குமார் மட்டும் கண்ணாடி அறைக்குள் ஏசியில் இருந்தார்.

"நானும் இங்கதாம்மா இருக்கேன். எனக்கு வந்துச்சா?"

"உன் ரூம்ல தூசி எங்க சார் கீது? ஒரு ஃபேனாவது போடு. எங்க வாஜித்த அந்த மிஷின்ல நிக்க வெக்காத."

"ஃபேன் போடலாம், தீபாவளி ஆர்டர் முடியட்டும். அண்ணன் இடத்தத் தம்பிக்குக் குடுத்திருக்கேன். இந்தக் காலத்துல எவன் குடுப்பான்? நல்லதுக்கே காலம் இல்ல."

அட அல்லா, இந்த மனுஷனிடம் என்னத்தைப் பேச! அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். மிஷின் சத்தத்தில் கத்தினாள். "வாஜித்! நிறுத்துடா! வா வூட்டுக்கு!"

மிஷின் நின்றது. அண்ணியைத் திரும்பிப் பார்த்த அவன் புருவமெல்லாம் தூள்.

"வந்துட்டா அண்ணன் வைத்தியச் செலவ யாரு பாக்குறது, பாபி? பயப்படாதீங்க. அண்ணன் ஒண்ணுதான துண்ணுச்சு? நான் ரெண்டு துண்டா துண்ணுக்கினு கீறேன்."

பலகைமேல் கிடந்த வெல்லத்தை எடுத்து, மேலே படிந்திருந்த தூளை ஊதிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டான்.