மேற்கு மூலை

பெண்கள் வாய்க்கால் கரையில் சாக்குகளை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மெக்சிகோவின் சினலோவா வெயில் பத்து மணிக்கே மண்ணைக் காய்ச்சியிருந்தது. எர்மினியா மட்டும் நின்றபடி மக்காச்சோளம் அறுக்கும் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கையில் கிடக்கும் கணவனைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மூன்று நாள் கதிர் பொறுக்கினால் மழைக்காலம் முழுக்கத் தோர்த்தியா ரொட்டிக்கு மாவு இருக்கும்.

மிஷினை ஓட்டியவன் அவள் கணவனின் தம்பி நசாரியோ. பதினொரு வருடமாக வயல் மூலைகளில் திரும்பும்போது பெண்கள் பொறுக்கட்டும் என்று மிஷினின் அறுக்கும் வாயைச் சற்றுத் தூக்கிவிடுவான். தட்டைகள் மடங்கிக் கதிர்கள் தரையில் விழும். இந்த வருடம் விழவில்லை.

டீசல் ஊற்ற நிறுத்தியபோது அவள் தண்ணீர் கொண்டுபோனாள்.

"நேத்துல இருந்து ஒரு கதிரும் விழல. கைய இறுக்கிட்டியாக்கும்?"

"புது மிஷின் மதினி. எவ்வளவு சிந்துதுன்னு இந்தத் திரையில வருது. மேனேஜர் போன்லயும் வருது."

"அப்ப மிஷினுக்குக் கண்ணு வந்திருச்சு, உனக்குத்தான் அவிஞ்சுபோச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான். "அண்ணன் சாப்பிடுதா?"

"ஊட்டுனா முழுங்குறாரு."

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறிக்கொண்டான். மேற்கு மூலையில் திரும்புகையில் மிஷினின் வாய் ஒரு முழம் உயர்ந்தது. பெண்கள் ஓடினார்கள். எர்மினியா மண்டியிட்டு, சூட்டில் கை பொரியப் பொறுக்கினாள். அரைச் சாக்கு நிறைவதற்குள் மேனேஜர் ரெந்தேரியாவின் வண்டி வந்துவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. சாக்குகளை அங்கேயே கொட்டச் சொன்னார். பிறகு நசாரியோவிடம், "இறங்கு. டிராக்டர்ல கலப்பைய மாட்டி இந்த மூலைய உழுது போடு" என்றார்.

"இம்புட்டுக் கதிர் கிடக்கே ஐயா. அள்ளி வண்டியில ஏத்திரலாம்."

"அள்ளுற கூலிக்குக் காணாது. இன்னைக்குப் பொறுக்க விட்டா நாளைக்கும் சிந்துவே. உழ முடியாதுன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

நசாரியோ சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். அவன் வீட்டிலும் ஆறு வயிறு. வயலோரம் நின்ற டிராக்டரை நோக்கி நடந்தவன், எர்மினியாவின் அருகே வந்ததும் தயங்கினான்.

"மதினி..."

"நாங்க தள்ளி நிக்கிறோம். நீ ஓட்டு."

கலப்பை கதிர்களை மண்ணோடு புரட்டிக்கொண்டு போனது. நொறுங்கிய வெள்ளை மணிகள் மேலே தெறித்தன. எங்கிருந்தோ புறாக்கள் கூட்டமாக வந்திறங்கி, டிராக்டருக்குப் பின்னால் உழுத சாலில் நடந்து நடந்து கொத்தின. பெண்களில் ஒருத்தி ஓரடி முன்னே வைத்தாள். ரெந்தேரியா கையை உயர்த்தினார், அவள் நின்றுவிட்டாள்.

புறாக்களை அவர் விரட்டவில்லை.