கர்த்தாவின் மனைவி

என் வாய்க்கு மட்டாஞ்சேரியில் ஒரு மரியாதை உண்டு. படகு ஜெட்டி வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் என்னைக் கண்டால் பேசாமல் மீட்டரைப் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட நான், ஸ்ரீநாத் எங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "அம்மாமி, அன்னிக்கு ச்ராத்தத்துல நடந்தது ஒரு பரிசோதனையாக்கும்" என்று சொன்னபோது, திறந்த வாயை மூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்ரீநாத் என் கணவரின் அக்கா பிள்ளை. எர்ணாகுளத்தில் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பிய அடுத்த நாள் வாட்டர் மெட்ரோ படகில் ஏறி, பையில் ஆப்பிளும் முகத்தில் ஒரு பவ்யமுமாக வந்திருந்தான். பாசத்தில் வந்திருக்கிறான் என்று நினைத்து, அவனுக்குச் சாயா வேறு போட்டுக் கொடுத்தேன்.

என் மாமனாரின் வருஷத் திவசமான ச்ராத்தத்துக்கு எங்கள் வழக்கமான புரோகித வாத்தியார் கிடைக்கவில்லை. பாலக்காட்டில் ஏதோ கல்யாணம் என்று போய்விட்டார். "கவலைப்படாதீங்கோ அம்மாமா, ஆலுவாவிலேர்ந்து வேதம் கரைச்சுக் குடிச்ச ஒரு கனபாடிகளை நான் அழைச்சுண்டு வரேன்" என்று ஸ்ரீநாத்தான் முன்வந்தான். வந்தவர் சிவப்பாக, கணீரென்ற குரலோடு இருந்தார். கூடவே சாப்பிட இரண்டு பேரையும் அழைத்து வந்திருந்தார். இவருக்குப் பரம திருப்தி.

இவர் என்றால் என் கணவர் வெங்கிட்டு. பஜாரில் மிளகு வியாபாரம். அங்கே ஒரு மூட்டைக்கு ஓராயிரம் கேள்வி கேட்பார். ச்ராத்தத்தன்று மட்டும் கேள்வியே கிடையாது. ச்ராத்தம் செய்கிறவரைக் கர்த்தா என்பார்கள். வாத்தியார் பூணூலை இடம் மாற்றச் சொன்னால் கர்த்தா மாற்றுவார், எள்ளை எடு என்றால் எடுப்பார், இறை என்றால் இறைப்பார். என் பங்கு சமையல். குளித்துவிட்டு ஈரப்புடவையோடு, தீட்டுப்படாமல் மடியாகச் சமைக்க வேண்டும். வந்தவர்கள் சாப்பிட்டு எழுகிறவரை நான் எதையும் வாயில் போடக் கூடாது. நானோ சர்க்கரைக்காரி. எப்போதும் உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் பிந்தி முடிந்துவிடும் என்ற தைரியத்தில் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். ஊசியைக் குத்திவிட்டது இவர்தான்.

இலை போடும் நேரத்தில் கனபாடிகள் அடுக்களை வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தார். "மாமி நிழல் அன்னத்துல விழுந்திருக்கு. மறுபடி ஸ்நானம் பண்ணி, எல்லாத்தையும் மொதல்லேர்ந்து பண்ணணும்" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். "பண்ணிடு அனந்தம். அப்பா காரியம்" என்றார். சாதம், வாழைக்காய்க் கறி, வடை, எள்ளுருண்டை எல்லாவற்றையும் கொட்டினோம். குளித்தேன், சமைத்தேன். மறுபடி வந்தார் கனபாடிகள். இந்தத் தடவை நெய் காய்ச்சிய திசை தப்பாம். அதற்கடுத்த தடவை காரணம்கூடச் சொல்லவில்லை. "மறுபடி" என்றார், அவ்வளவுதான். இவரும் ஏன் என்று கேட்காமல் என்னிடம் வந்து, "மறுபடியாம்" என்றார்.

அதற்குள் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஈரப்புடவைக்குமேல் வியர்த்துக் கொட்டியது. சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சர்க்கரை டப்பாவை எடுத்து, "ஒரு வாய் போட்டுக்கறேன்னா, தலை சுத்தறது" என்றேன். இரு, கேட்டுண்டு வரேன் என்று கூடத்துக்குப் போனார். திரும்பி வந்து, "கூடாதாம்" என்று சொல்லி, என் கையிலிருந்து டப்பாவை வாங்கி எனக்கு எட்டாத பரண்மேல் வைத்தார். அதை வைத்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் எனக்கு நினைவிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஆளைப் பிழைக்க வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

விதி என்று நினைத்துத்தான் சும்மா இருந்தேன். சோபாவில் உட்கார்ந்திருந்த இந்தப் பிள்ளையாண்டான் இப்போது சொல்கிறான், அது விதி இல்லையாம், ஆராய்ச்சியாம். மேலே இருக்கிறவர் காரணமே இல்லாமல் கட்டளையிட்டால் ஒரு மனுஷன் எதுவரைக்கும் கீழ்ப்படிவான் என்று பார்ப்பதுதான் அவன் விஷயம். கூடத்திலும் அடுக்களையிலும் சாமிப் படத்துக்குப் பின்னால் கேமரா வைத்து, திண்ணையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தானாம். கனபாடிகளின் பெயர் ரமேஷ்பாபுவாம். சின்ன வயதில் வேதபாடசாலையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, இப்போது இடப்பள்ளியில் நாடகம் போடுகிறாராம்.

"நாடகக்காரனா?" இவர் எழுந்தே விட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அப்போ அப்பாவுக்கு நான் இறைச்ச எள்ளும் தண்ணியும்?"

"மந்த்ரமெல்லாம் சரியாத்தான் சொன்னான் அம்மாமா."

இவர் தலையில் கைவைத்துக்கொண்டு, அப்பா பட்டினி போயிட்டாரே என்று அழுதார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். என் பக்கம் கண் திரும்பவில்லை. ரமேஷ்பாபு செய்ததைவிட எனக்கு அதுதான் நெஞ்சில் இடித்தது.

"ஏண்டா, நேக்கு வியர்த்துக் கொட்டினதை நீ பார்த்தியா இல்லையா?" என்று ஸ்ரீநாத்தைக் கேட்டேன்.

"பார்த்தேன் அம்மாமி. நிறுத்தணும்னு எழுந்தேன். அம்மாமா டப்பாவை என்ன பண்ணறார்னு மட்டும் பார்த்துட்டு நிறுத்தலாம்னு..." அவன் குரல் இறங்கிவிட்டது. "அப்படிப் பண்ணுவார்னு நான் கனவுலகூட நெனைக்கலை."

"முன்கூட்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நிஜம் வெளியில வராது. அதோட, நீங்கோ இதுல பங்கெடுத்துண்டவா லிஸ்ட்லயே இல்லை. ஆராய்ச்சி கர்த்தாவைப் பத்தி. நீங்கோ கர்த்தாவோட மனைவி."

செத்திருந்தால்கூட என்னை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இவர்களுக்குத் தெரிந்திருக்காது போலிருக்கிறது. பரணில் ஏறின டப்பாவைப் போல நானும் ஒரு சாமான்.

பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனதால் யூனிவர்சிட்டியின் நெறிமுறைக் குழு விளக்கம் கேட்கிறதாம். எல்லா விவரமும் முன்பே எனக்குச் சொல்லப்பட்டது, முழுச் சம்மதத்தோடுதான் பட்டினி கிடந்தேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். தேதி ச்ராத்தத்துக்கு முந்தின வாரம். போட்டால் யார்மேலும் குற்றம் இல்லை. போடாவிட்டால் அவன் பட்டம் போயிற்று.

"இது பச்சைப் பொய். போட மாட்டேன்" என்றேன். வாய் திரும்பி வந்துவிட்டது. அவனையும் அவன் படிப்பையும் கனபாடிகள் வேஷத்தையும் நார்நாராகக் கிழித்தேன். "போட்டுடு அனந்தம், அக்கா பிள்ளை" என்று இவர் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். "நீங்கோ பேசவே கூடாது" என்று போட்ட போட்டில் இவர் சோபாவின் மூலைக்கு நகர்ந்துவிட்டார். நான் சாகக் கிடந்தது நிஜம், அதை ஒரு பேனாக் கீறலில் இல்லையென்று ஆக்க விடமாட்டேன் என்றேன். ஸ்ரீநாத் அழுதேவிட்டான். எனக்கு இரக்கம் வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் யாரையோ போனில் கூப்பிட்டான். "எங்க ப்ரொஃபஸர். உங்களோட ஒரு நிமிஷம் பேசணும்கறார்" என்று என்னிடம் நீட்டினான். வரட்டும், அவருக்கும் இருக்கிறது என்று வாங்கினேன்.

"நமஸ்காரம் மேடம்" என்றார். மலையாளத்தில், அவசரமே இல்லாத குரல். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது ஸார் என்றேன். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். பரவாயில்லை ஸார் என்றேன். "காகிதம் முன்னால் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். "முதல் பக்கம் படிக்க வேண்டியதில்லை. இரண்டாம் பக்கத்தில், கீழே, கோட்டுக்கு மேலே" என்றார். சரி ஸார் என்றேன்.

"அம்மாமி" என்று ஸ்ரீநாத் கூப்பிட்டான். குரலில் சந்தோஷம் இல்லை. பயந்துபோயிருந்தான். ஆராய்ச்சி செய்த பையன், என் கையையே வெறித்துக்கொண்டிருந்தான். நானும் குனிந்து பார்த்தேன். பேனாவை எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. கோட்டுக்கு மேலே, என் கையெழுத்தில் 'அனந்த' என்பதுவரை எழுதியிருந்தேன்.