அத்தான் போடவந்த கேஸ்

அத்தான் கடல் தாண்டி வந்ததே தன்மேல் கேஸ் போடத்தான் என்பது, அவர் காபி வேண்டாம் என்றபோதுதான் சின்னவளுக்கு உறைத்தது. காபியை மறுக்கிற மனிதரா அவர்!

அத்தான் அவள் அக்காவின் கணவர். ஊரில் நாய்களுக்கு முடி திருத்தும் சலூன் வைத்திருந்தார். தன் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சின்னவள் அங்கேதான் வேலை பார்த்தாள். வேலையை விட்டால் இரண்டு வருஷத்துக்கு உலகின் எந்த மூலையிலும் எந்த நாயின் முடியையும் வெட்டமாட்டேன் என்று சேரும்போதே எழுதி வாங்கியிருந்தார். சொந்தக்காரர் நீட்டுகிற காகிதத்தை யார் படித்துப் பார்க்கிறார்கள்? அவளும் கையெழுத்துப் போட்டாள். பிறகு கணவருக்கு மாற்றல் வந்தது. புது நாட்டில் இரண்டு தொட்டியும் ஒரு டிரையருமாகச் சொந்தக் கடை திறந்துவிட்டாள்.

"உன்மேல எனக்குக் கோபமே இல்லம்மா. கேஸ் மட்டும்தான் போடப் போறேன்" என்றார் அத்தான். அப்போது தொட்டியிலிருந்த சடைநாய் உடம்பை உதறியதில் அவருடைய புதுச் சட்டை தொப்பலாக நனைந்தது.

அவருக்கு அந்த ஊரில் ஒரு வக்கீலையும் தெரியாது. சின்னவளே தனக்குத் தெரிந்த வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள். இரண்டு பேரும் ஒரே டாக்சியில்தான் போனார்கள்.

வக்கீலம்மா காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "உங்க ஊர்ல இது செல்லாது சார். வேலையை விட்டவங்க பிழைப்பைத் தடுக்கிற ஒப்பந்தத்தை அங்க கோர்ட் ஏத்துக்காது."

அத்தான் முகம் தொங்கியது.

"ஆனா இங்க செல்லும்."

அத்தான் முகம் மலர்ந்தது. சின்னவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஒரு நிபந்தனை இருக்கு. தடை இருக்கிற வரைக்கும் மாசாமாசம் நீங்க இவங்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கணும்."

"என்ன வேலை செய்யறதுக்கு?"

"வேலை செய்யாம இருக்கிறதுக்கு."

அத்தான் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "பக்கத்து நாட்டுல போய்ப் போட்டா?"

"கொஞ்ச தூரம், கொஞ்ச காலம்னா அங்க காது கொடுத்துக் கேப்பாங்க. உலகம் முழுக்கன்னா சிரிப்பாங்க. எந்த நாட்டுச் சட்டம்னே நீங்க இதுல எழுதலையே. எங்க வேணும்னாலும் போய்த் தோக்கலாம்."

சின்னவள் மனதில் ஒரு ஆசை முளைத்தது. காலையில் நிதானமாக எழலாம். சாப்பாட்டில் நாய்முடி கிடக்காது. "அப்போ இங்கயே போடுங்க அத்தான். இன்னிக்கே கடையை மூடிடறேன்" என்றாள், நெஞ்சாரத்தான்.

"சேச்சே, குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா கேஸு!" அத்தான் காகிதத்தைப் பிடுங்கி மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

சின்னவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் கத்தினாள்.

அக்கா சிரித்தாள். "அடி அசடு! உன்னைத் திரும்பக் கூட்டிட்டு வரத்தான் அங்க வந்திருக்கார். நீ போனதிலிருந்து கடையில ஒரு நாயும் நிக்க மாட்டேங்குது. புதுசா வந்த ஆளு மூணு கடி வாங்கிட்டு ஓடிட்டான். வான்னு வாய்விட்டுக் கேக்க இவருக்குக் கௌரவம் இடிக்குது. கேஸுன்னா நீ பயந்து வந்துடுவேன்னு நெனச்சார்."

மறுநாள் காலை அத்தான் கடை ஓரத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னவள் ஒரு ஏப்ரனை அவர் மடியில் போட்டாள்.

"நான் வரமாட்டேன் அத்தான். இங்கதான் என் கடை. ஆனா கத்துக்கொடுக்கிறேன், எழுந்திருங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாயையாவது தொட்டிருக்கீங்களா?"

"முதலாளி எதுக்கும்மா தொடணும்?"

"அதான் கடிக்குது."

முதல் நாள் நாயைவிட அத்தான்தான் அதிகம் நடுங்கினார். அடுத்த நாள் காதைக் கழுவினார். ஊருக்குக் கிளம்புவதற்குள், தன்னை நனைத்த அந்தச் சடைநாய்க்கே நகம் வெட்டிவிட்டார். அது அவர் கன்னத்தை நக்கியது. துடைத்துக்கொள்ளக்கூட மறந்து நின்றார்.

இப்போது அக்கா போனில் புலம்புகிறாள். கடையில் புது ஆட்கள் இரண்டு பேர் இருந்தும் அத்தான் கத்தரியை யாரிடமும் கொடுப்பதில்லையாம். சாப்பிடக்கூட வீட்டுக்கு வருவதில்லையாம்.