தலைவர் நகர்த்திய கப்பல்

சரியான ஆளிடம் சரியான குரலில் பேசினால் இந்த உலகத்தில் நகராத பொருள் என்று எதுவும் கிடையாது, கப்பல் உட்பட. தலைவர் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு, எதிர்த்து நிற்க ஆளில்லாத காரணத்தால், பல ஆண்டுகளாகத் தலைவராக இருப்பவர். அவர் பேசித்தான் குப்பை லாரி ஒழுங்காக வந்தது. அவர் பேசித்தான் மூன்றாம் மாடிக்காரர் பால்கனியிலிருந்து புறாக்கள் கிளம்பின. புறாக்களிடம் அவரே நேரடியாகப் பேசினார் என்று ஒரு வதந்தி உண்டு. அதை அவர் மறுத்ததில்லை.

இப்போது நகர வேண்டியது ஒரு சரக்குக் கப்பல். அவருடைய ஒரே மகன் அதில் சமையல்காரன். கப்பல் முதலாளி கடனில் மூழ்கித் தலைமறைவாகிவிட்டான். துறைமுகம் கப்பலைப் பிடித்து வைத்தது. ஆளில்லாத கப்பலை நங்கூரத்தில் விடக்கூடாது என்பது விதி என்பதால் உள்ளே இருந்தவர்களையும் சேர்த்தே பிடித்து வைத்தது. கரை கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க அனுமதி இல்லை. மழைக்காலம் ஒன்று முழுசாகப் போய்விட்டது.

"லீவுக்குப் போறோம். கடலோரமா ஒரு வீடு, சமையலறையோட. நாமளே சமைச்சு நாமளே சாப்பிடுறது. இப்பெல்லாம் அதான் பேஷன்" என்று தலைவர் லிஃப்டில் கண்டவர்களிடமெல்லாம் அறிவித்தார். தலைவர் வீட்டுப் பிள்ளை பட்டினி கிடக்கிறான் என்ற செய்தி சங்கத்துக்குள் பரவக்கூடாது. நம்பகத்தன்மைக்காக ஒரு கூலிங்கிளாஸ்கூட வாங்கினார்.

விடுமுறை வீடு, கயிறும் பெயின்ட்டும் விற்கும் கடைக்கு மேலே இருந்தது. உப்புக் காற்றில் ஜன்னல் கீல்கள் துருவேறி, திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. அடுப்பில் இரண்டு பர்னர். ஒன்று குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால்தான் எரியும். அழுத்திப் பிடிக்கும் பொறுப்பு தலைவருடையது. ஜன்னல் வழியே கிரேன்களுக்கு நடுவில், அலைதடுப்புச் சுவருக்கு உள்பக்கமாக, மகனுடைய கப்பல் அழுக்குத் துணிபோல் நின்றது.

முதல் நாள் அம்மா, அதாவது தலைவரின் மனைவி, மகனுக்கு மட்டும் சமைத்து, கப்பலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாஞ்ச் படகில் டப்பாவைக் கொடுத்தனுப்பினாள். டப்பா கழுவித் திரும்பி வந்தது.

"உங்க பையன் எல்லாருக்கும் பங்கு வச்சுட்டாம்மா. அவனுக்குக் கடைசியா கரண்டிதான் மிஞ்சிச்சு. நக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்றார் லாஞ்ச் டிரைவர்.

மறுநாளிலிருந்து அம்மா கப்பல் முழுவதுக்கும் சமைத்தாள். சோறு, முட்டை, உருளைக்கிழங்கு. குமிழை அழுத்தி அழுத்தித் தலைவருக்குக் கட்டைவிரல் வீங்கியது. வீட்டுக்காரம்மா மோப்பம் பிடித்து மேலேறி வந்தாள்.

"ரெண்டு பேருக்கு இத்தனை சோறா? இங்க என்ன மெஸ் நடத்துறீங்களா?"

"கடல் காத்துங்க. பசி எடுக்குது" என்றார் தலைவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

சாயங்காலமானால் அம்மா அலைதடுப்புச் சுவருக்குப் போய்விடுவாள். அங்கே கப்பல் மெக்கானிக்கின் மனைவி, கல்யாண மஞ்சள் முகத்தைவிட்டுப் போகாத சின்னப் பெண், ஒரு தலையணை உறையைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருப்பாள். கப்பல் மேல்தளத்திலிருந்தும் யாராவது துணி ஆட்டுவார்கள். அதில் ஏப்ரன் ஆட்டுவது மகன். அம்மாவும் சமையலறைத் துண்டை எடுத்துப்போய் ஆட்டத் தொடங்கினாள். தலைவர் கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

"கை காட்டினா நிக்கிறதுக்கு அதென்ன டவுன் பஸ்ஸா?"

"அது நின்னுக்கிட்டுத்தானே அங்கிள் இருக்கு" என்றாள் அந்தப் பெண், கையை நிறுத்தாமல்.

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. துணி காயப்போடுற வேலையை இங்க வந்தா செய்யறது? பேச வேண்டிய இடத்துல பேசணும்."

"நீங்க பேசுங்க. நாங்க காயப்போடுறோம்."

ஒரு நாள் மகனிடமிருந்து போன் வந்தது. கப்பலில் ஜெனரேட்டர் ஓடும் கொஞ்ச நேரத்தில்தான் சார்ஜ் ஏறும், அதனால் அவன் மூச்சுவிடாமல் பேசினான். "அப்பா, ஹார்பர் ஆபீஸ் பக்கம் மட்டும் போயிடாதீங்க. தண்ணி வருது, அம்மா சோறு வருது, உங்களை தூரத்துல பார்க்க முடியுது. இதுவே போதும்பா. கெடுத்துடாதீங்க."

"பையன் பயந்த சுபாவம்" என்று தலைவர் போனை வைத்தார். "உன் வகையறா" என்றார் அம்மாவிடம்.

அடுத்த நாள் காலை, காய்கறி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கூலிங்கிளாஸுமாகத் துறைமுக அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி இளைஞன். உட்காரச் சொன்னான், டீ வரவழைத்தான், சார் என்றான். தலைவர் பொதுக்குழுக் குரலை எடுத்தார்.

"டூரிஸ்ட் வர்ற ஊர் இது. ஊர் வாசல்லயே துருப்பிடிச்ச கப்பல், அதுல பட்டினியா ஆளுங்க. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? உங்களுக்கே அசிங்கமா இல்லையா? நாளைக்கு யாராவது போட்டோ எடுத்துப் போட்டா யார் பதில் சொல்றது? சும்மா விட மாட்டேன் தம்பி. உடனடியா ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

அதிகாரி பேனாவை மூடினான். "நீங்க சொல்றது நியாயம் சார். நாங்களே யோசிச்சிட்டிருந்தோம். செஞ்சிடலாம்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் தலைவருக்கே லேசான ஏமாற்றம். வரும் வழியில் ஒரு பெரிய மீனை வாங்கி, பொரிக்கக்கூடாது என்று வீட்டுக்காரம்மா சுவரில் எழுதி ஒட்டியதற்கு நேர்கீழே நின்று பொரிக்கச் சொன்னார். என்ன விசேஷம் என்று அம்மா கேட்டதற்கு, "பொறுத்துப் பார்" என்றார்.

மறுநாள் அம்மா சாப்பாட்டு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் ஜன்னலில் நின்று கூவினாள். "என்னங்க! கப்பல் நகருதுங்க!"

தலைவர் நிதானமாகச் சட்டையை மாட்டினார். அவசரப்படுவது ஜெயித்தவனுக்கு அழகில்லை. இரண்டு இழுவைப் படகுகள் கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தன. இருவரும் டப்பாக்களோடு படித்துறைக்கு ஓடினார்கள்.

"கரைக்குக் கொண்டுவர்றாங்க. எல்லாரையும் இறக்கிடுவாங்க" என்றார் தலைவர்.

கப்பல் துறைமுக வாயை நோக்கிப் போனது.

"திரும்பும். பெரிய உருப்படி, திரும்ப இடம் வேணும்ல."

கப்பல் வாயைத் தாண்டியது. சுவரைத் தாண்டியது. திரும்பவில்லை.

லாஞ்ச் டிரைவர் படித்துறையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். "டப்பாவைத் திருப்பி எடுத்துட்டுப் போங்கம்மா. வெளி நங்கூரத்துக்குத் தள்ளிட்டாங்க. என் லாஞ்ச் சுவரைத் தாண்டக்கூடாது. இனிமே பெரிய படகுதான் தண்ணி கொண்டுபோகும், அதுவும் எப்பவாவது. அவன் சோத்து டப்பாவெல்லாம் ஏத்த மாட்டான்."

"ஏன்யா தள்ளினாங்க?" என்றாள் அம்மா.

"யாரோ பெரிய மனுஷன் நேத்து ஆபீஸ்ல வந்து கத்தினாராம், ஊர் வாசல்ல இது அசிங்கமா இருக்குன்னு. சரி, கண்ணுக்கு மறைச்சுட்டாப் போச்சுன்னு எடுத்துட்டாங்க."

"யாரு அந்தப் பாவி?"

"தெரியலம்மா. கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு வந்தாராம்."

அம்மா தலைவரைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையில் கூலிங்கிளாஸின் ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் திட்டியிருந்தால் அவர் பதில் பேசியிருப்பார், பதில் அவரிடம் எப்போதும் இருக்கும். அவள் திட்டவில்லை. சூடு ஆறாத டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு படி ஏறிப்போனாள். தலைவர் போய்ச் சேர்ந்தபோது படுக்கையறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினார். இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த வீட்டில் பேசி நகர்த்த வேறு ஆளில்லை.

பிற்பகல் முழுக்க மகனுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. அதனிடமும் சிறிது நேரம் பேசிப் பார்த்தார்.

சாயங்காலம் தனியாக அலைதடுப்புச் சுவருக்குப் போனார். சுவரின் கடைசிக்கல் வரை நடந்தார். மெக்கானிக்கின் மனைவி அங்கேதான் நின்றாள். கப்பல் இப்போது தீப்பெட்டி அளவு இருந்தது. மேல்தளம் எது, ஆள் எது, ஒன்றும் தெரியவில்லை. அவள் தலையணை உறையை ஆட்டிக்கொண்டிருந்தாள், தெரிந்தபோது ஆட்டிய அதே வேகத்தில்.

தலைவர் அக்கம்பக்கம் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். அது சின்னதாக இருந்தது. மறுபடி மடித்து உள்ளே வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பனியனோடு நின்று, சட்டையைக் கையில் பிடித்து ஆட்டத் தொடங்கினார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"இன்னும் மேல தூக்குங்க அங்கிள். அலை மறைக்கும்" என்றாள்.

தலைவர் குதிகாலை உயர்த்தினார்.