குறை உடம்பில் இல்லை

கடைக்குப் போய்வந்த அவள் அண்ணி கைப்பையைச் சோபாவில் விட்டெறிந்த வேகத்திலேயே, ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க கம்பெனி பிராதான் கேட்டேன். கடைப்பொண்ணு நாலு பேர் முன்னாடி என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, 'உங்க உடம்புக்கெல்லாம் சைஸ் வராதுக்கா'ங்கிறா!"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாகப் பேட்டர்ன் வெட்டுவது அவள் கைதான். மறுநாள் வேலைக்குப் போனதும் அளவு அட்டையை எடுத்து விரித்தாள். மார்புக்குக் கீழே எடுத்த சுற்றளவோடு நாலு அங்குலம் கூட்டு என்றிருந்தது. எதற்கு? கூட்டினால் பட்டி தொளதொளக்கும், பாரமெல்லாம் தோளில் இறங்கும். கப் அளவோ மூன்றே மூன்று. ஊரிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் அதற்குள் அடங்கிவிட வேண்டுமாம்!

அன்றுமுதல் சாப்பாட்டு நேரத்தில் ஓய்வறைக் கதவைத் தாழிட்டு, தையல் பிரிவுப் பெண்களை ஒவ்வொருத்தியாக டேப் வைத்து அளந்தாள். மார்புக்குக் கீழே ஒன்று, மார்பின் எடுப்பில் ஒன்று, குனியச் சொல்லி ஒன்று. அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேருக்கு அட்டையில் இடமே இல்லை. தோளில் பள்ளம் விழுந்தவர்கள், விலாவில் கம்பி குத்திக் கன்றிப்போனவர்கள். "நம்ம உடம்பு வாகு அப்படி, என்ன பண்றது" என்று அவர்களே சொன்னதுதான் அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

நோட்டோடு மேனேஜர் முன்னால் போய் நின்றாள். அவர் புரட்டக்கூட இல்லை.

"இருபது வருஷமா விக்குதும்மா. லேடீஸுக்குத் தன் சைஸ் என்னன்னே தெரியறதில்ல, அதான் பிரச்சனை."

"உங்க சட்டைக் காலர் எத்தனை சார்?"

"பதினஞ்சரை. ஏன்?"

"பதினாலு மாட்டி மூச்சு முட்டினா சட்டையை மாத்துவீங்களா, கழுத்தைக் குறை சொல்வீங்களா?"

அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "சரி, சாம்பிள் போடுங்க" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அந்த நாற்பத்தொரு பேரும் புது அளவில் தைத்ததை ஒரு வாரம் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். "சாயங்காலம் எப்படா கழட்டுவோம்னு இருக்கும். நேத்து போட்டிருக்கிறதே மறந்துபோச்சு!" என்றாள் ஹூக் தைக்கிறவள். மேனேஜர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் லேபிள் வந்தபோது அதில் 'ஸ்பெஷல் சைஸ்' என்று அச்சடித்திருந்தது. அவளுக்கு ரத்தம் கொதித்தது. லேபிள் சுருளோடு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"அறுபத்திரண்டுல நாப்பத்தொண்ணு எப்படி சார் ஸ்பெஷல் ஆகும்? வெறும் நம்பர் மட்டும் அடிச்சு வரட்டும். அதுவரைக்கும் பேட்டர்னுக்குக் கத்திரி வைக்க மாட்டேன்."

இரண்டு நாள் வெட்டு மேஜை சும்மா கிடந்தது. மூன்றாம் நாள், வெறும் எண்ணோடு புது லேபிள் வந்து இறங்கியது.